துளசியின் அட்டையில் இரண்டு கூட்டல்

செரண்டா
21 பிப்ரவரி 2025, வெள்ளி

ரூபிணி அவர்களுக்கு,

நலமா என்று கேட்கத்தான் கை போனது. பழக்கம். நிறுத்திக்கொண்டேன்.

திலீப் என்னை விட்டுப் போய் மூன்று வருஷம். உங்களைக் கட்டி ஒரு வருஷம். வெள்ளிதோறும் துளசியை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகிறார், ஞாயிறு கொண்டுவந்து விடுகிறார். இத்தனை நாளில் உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. இன்றைக்கு எழுதக் காரணம் இருக்கிறது.

போன ஞாயிறு துளசியின் பையைக் கவிழ்த்தேன். பல் கிளினிக் அட்டை விழுந்தது. அதில் இரண்டு வரிகள்.

ஜனவரி 11. நான் லீவு எடுத்து, உங்கள் ஊர் வரைக்கும் வந்து, கூட்டிப்போன நாள். நேரே இரண்டு கழித்தல் குறி.

பிப்ரவரி 15. எனக்கு சனிக்கிழமை ஷிப்ட். நீங்கள் கூட்டிப்போனீர்கள். இரண்டு கூட்டல்.

குறிகளுக்கு அர்த்தம் முதல் நாளே டாக்டர் சொன்னார். இரண்டு கழித்தல் என்றால் பிள்ளை கிட்டேயே விடவில்லை. இரண்டு கூட்டல் என்றால் தானாக வாயைத் திறக்கிறது. நடுவில் ஒரு கழித்தல், ஒரு கூட்டல். பிள்ளைகளை நான்கு விதமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஜனவரியில் துளசி கருவித் தட்டை உதைத்தாள். டாக்டரின் விரலைக் கடித்தாள். நான் வேலை செய்வது கையுறைத் தொழிற்சாலையில். தண்ணீர் ஊற்றி ஓட்டை பார்க்கும் பிரிவு. டாக்டரின் விரலுக்கு முன்னால் கையுறையைத்தான் பார்த்தேன். கிழிந்திருந்தது.

ஐந்து வயது. முப்பத்தைந்து நாளில் எப்படி வேறு பிள்ளை ஆனாள்? என்ன கொடுத்தீர்கள்?

இன்னொன்று. உடன் வந்தவர் என்ற கட்டத்தில் மலாயில் 'இபு' என்று எழுதியிருக்கிறது. அம்மா. யார் சொன்னது?

வாட்ஸ்அப் வேண்டாம். திலீப் உங்கள் போனை எடுத்துப் பார்ப்பாரா, தெரியாது. என்னுடையதைப் பார்த்தவர். பதில் இருந்தால் துளசியின் பையில், பிரஷ் பெட்டிக்கு அடியில் வையுங்கள். அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது.

நித்தியா


குவாலா சிலாங்கூர்
23 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள நித்தியாவுக்கு,

எங்கள் வீட்டில் தமிழ் வாயோடு சரி. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க் வேலைக்கு வந்த குடும்பம். அப்பா கடிதம் எல்லாம் இங்கிலீஷில்தான் எழுதுவார். நான் தமிழில் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். ஸ்கூலில் அது என் வேலை.

நான் ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு சொக்கலேட்கூட இல்லை. கதிரையில் ஏறினாள். கையை மடியில் வைத்தாள். வாயைத் திறந்தாள். டாக்டர் எதையும் முதலில் சொல்கிறார், பிறகு காட்டுகிறார், அதற்குப் பிறகுதான் செய்கிறார். எச்சில் உறிஞ்சும் குழாய் யானையின் தும்பிக்கை என்றார். காற்றுக் குழாயால் அவள் நகத்தில் ஊதிக் காட்டினார். துளசி தலையாட்டினாள். 'நோகுதா?' என்று கேட்டேன். தலையாட்டினாள். 'நோகேல்லையா?' அதற்கும் தலையாட்டினாள். எல்லோரும் சிரித்தோம்.

'இபு'வும் அப்படித்தான் நடந்தது. நர்ஸ் மிஸ்ஸி பேனாவோடு வந்து, இவர் உன் அம்மாவா என்று மலாயில் அவளைக் கேட்டார். நான் வாய் திறக்க முன்னம் அவள் தலையாட்டிவிட்டாள். நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அது என் பிழை.

காரில் வரும்போது, ஏன் பிள்ளை அழவில்லை என்று கேட்டேன். அழுதாலும் அம்மா ஏச மாட்டா என்றாள். உங்களை நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் அம்மா என்றால் கிளினிக் வாசலிலேயே ஏசத் தொடங்கியிருப்பா.

டாக்டரிடம் அடுத்த தவணை மார்ச் 8. முடிந்தால் நீங்கள் வாருங்கள்.

ரூபிணி


செரண்டா
7 மார்ச் 2025, வெள்ளி

ரூபிணிக்கு,

'ஏச மாட்டா.' அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அவள் வாயில் 'ஏச' என்ற சொல்லே கிடையாது. எங்கள் வீட்டில் திட்டுவோம். உங்களிடமிருந்து எடுத்திருப்பாள்.

உங்களிடமிருந்து நிறைய எடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை 'ஆமா' இல்லை, 'ஓம்'. 'ஆமாவை எங்கடி வெச்ச?' என்று கேட்டேன். 'சித்தி வீட்ல' என்றாள். இடியப்பத்துக்குச் சொதி கேட்கிறாள். எனக்குச் சொதி வைக்கத் தெரியாது. யூட்யூப் பார்த்து வைத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு, பரவாயில்லை மா, என்றாள். ஐந்து வயதுப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறது.

உங்கள் வீட்டில் பின்னிய சடை திங்கள் மாலை வரைக்கும் அவிழ்வதில்லை. நான் பின்னினால் பாலர் பள்ளி வாசலில் அவிழ்கிறது. ஞாயிறு இரவு என் தலையணையில் உங்கள் ஷாம்பு மணக்கிறது. உறையைத் துவைக்கலாம். துவைத்தால் அவள் மணமும் போய்விடும். அப்படியே படுக்கிறேன்.

தொழிற்சாலை வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள் கங்கா. 'ஏன்லா அக்கா, அவளுக்குப் போயி லெட்டர் எழுதற? நீ என்ன அவ சம்பந்தியா?' என்று கேட்டாள். நேற்றிலிருந்து என்னை சம்பந்தியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

நாளைக்குக் கிளினிக். ஷிப்ட் மாற்றிக்கொடுக்க சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்களே கூட்டிப்போக வேண்டியதாகிவிட்டது. நேற்று சாயங்காலம் துளசியை உட்கார வைத்து நன்றாகப் பேசியிருக்கிறேன். ஒரு பிரச்சினையும் இருக்காது.

இந்த முறை 'இபு' என்று எழுதினால் திருத்துங்கள்.

நித்தியா


குவாலா சிலாங்கூர்
9 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள நித்தியாவுக்கு,

முதலில் நேற்றைய செய்தி. கீழ்ப்பக்கக் கடைவாய்ப் பல்லில் போன தடவை அடைத்தது விழுந்துவிட்டது. ஈறு வீங்கியிருக்கிறது. எத்தனை நாளாக நோகுது என்று டாக்டர் கேட்டார். தலையாட்டினாள். அழுத்திப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை. இவ்வளவு வீங்கியும் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவரே யோசித்தார். பிறகு அட்டையில் மறுபடி இரண்டு கூட்டல் போட்டார்.

வீக்கம் வற்ற மருந்து தந்திருக்கிறார். ஏப்ரல் 19 அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும். உள்ளே ஒரு பெரியவர்தான் இருக்கலாம். பிள்ளை யாரோடு அமைதியாக இருக்கிறதோ அவரே வரட்டும் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

'இபு'வைத் திருத்தச் சொன்னேன். மிஸ்ஸி வெட்டிவிட்டு வெறுமையாக விட்டிருக்கிறார்.

இனி நான் எழுதப்போவதற்குக் கோபப்படாதீர்கள். பிள்ளையை உட்கார வைத்து நன்றாகப் பேசினதாக எழுதியிருந்தீர்கள். வாசித்துவிட்டு எனக்கு அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை. அப்படி என்ன பிழை செய்தாள்? பல் நோகிற சின்னப் பிள்ளை. நீங்கள் ஏச மாட்டீர்கள் என்று என்னிடமே பெருமையாகச் சொன்ன பிள்ளை. அவளைப் போய் ஏன் பேசினீர்கள்?

நான் பெற்றவள் இல்லை. கேட்க எனக்கு உரிமையில்லை என்பீர்கள். இருந்தும் கேட்கிறேன்.

ரூபிணி


செரண்டா
14 மார்ச் 2025, வெள்ளி

ரூபிணிக்கு,

ஏன் பேசினேன் என்று கேட்கிறீர்கள். என் பிள்ளையோடு நான் பேசக் கூடாதா? பேசினேன் என்றால் பேசினேன். வாயைத் திறந்து ஒரு சொல்லுக்குப் பின் ஒரு சொல்லாக வைத்தேன். இதற்குக்கூட உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

சடை உங்களுடையது. ஷாம்பு, சொதி, ஓம், எல்லாம் உங்களுடையது. இரண்டு கூட்டல், மறுபடி இரண்டு கூட்டல். பேச்சையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 19 நான் வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். உள்ளே நான்தான் போவேன். யாரோடு அமைதியாக இருக்கிறாளோ அவரே வரட்டும் என்று டாக்டர் சொன்னால், அந்த டாக்டரிடம் நான் கேட்கிறேன். அமைதி என்பது அவ்வளவு பெரிய படிப்பா? என்னோடு வந்தால் கடிக்கிறாள். கடிக்கட்டும். அவள் பிறக்கும்போது நானும் பக்கத்தில் நின்ற மிஸ்ஸியின் கையைக் கடித்தேன். எங்களுக்கு அது பரம்பரை.

நித்தியா


குவாலா சிலாங்கூர்
16 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள நித்தியாவுக்கு,

மன்னிக்க வேண்டும். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, திலீப்பிடம், பேசுவது என்றால் உங்கள் வீட்டில் என்ன என்று கேட்டேன். 'பேசறதுன்னா பேசறதுதான் லா, வேற என்ன?' என்றார்.

எங்கள் வீட்டில் பேசுவது என்றால் ஏசுவது. திட்டுவது. மற்றதெல்லாம் கதைப்பது. அம்மா பேசுவா என்று யாரும் சொன்னால் அன்றைக்கு நான் ஸ்கூலில் இருந்து மெதுவாகத்தான் நடந்து வருவேன். கல்யாணத்துக்கு முன்னம் ஒரு நாள் திலீப், 'உங்கிட்ட கொஞ்சம் பேசணும்' என்று மெசேஜ் அனுப்பினார். முழு நாளும் வயிறு கலங்கிக் கிடந்தேன். வந்து, படம் பார்க்கப் போகலாமா என்று கேட்டார். இதை உங்களுக்கு எழுதியிருக்கக் கூடாது. வெட்டினால் தாள் அசிங்கமாகிவிடும். இருக்கட்டும்.

எல்லோரும் பேசுகிற தமிழ்தான், எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் காது முதலில் அம்மாவின் தமிழைத்தான் கேட்கிறது. ஆகவே நீங்கள் துளசியோடு கதைத்திருக்கிறீர்கள். ஏசவில்லை. இது விளங்கியதும் பெரிய ஆறுதல்.

அந்த ஆறுதல் பத்து நிமிஷம்தான் இருந்தது.

அவள் வாயில் 'ஏச' என்ற சொல்லே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உண்மை. அவள் ஏச என்று சொல்லவே இல்லை. பேச என்றுதான் சொன்னாள். நான் என் சொல்லாக மாற்றி உங்களுக்கு எழுதிவிட்டேன். 'அழுதாலும்' என்றும் அவள் சொல்லவில்லை. பொருந்த வேண்டுமே என்று அந்த 'லும்'மையும் நானே போட்டேன்.

அன்றைக்குக் காரில், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அவள் சொன்னது இவ்வளவுதான்:

'அழுதா அம்மா பேச மாட்டாங்க.'

உங்கள் வீட்டுத் தமிழில் இதற்கு என்ன அர்த்தம், நித்தியா?

ரூபிணி


குவாலா சிலாங்கூர்
6 ஏப்ரல் 2025, ஞாயிறு

அன்புள்ள நித்தியாவுக்கு,

மூன்று வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. பிரஷ் பெட்டிக்கு அடியில் ஒன்றும் இல்லை. பெட்டியையே திறந்து பார்த்தேன். பிரஷ் மட்டும் இருந்தது.

பதில் வேண்டாம். ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நேற்றுப் பகல் அவளுக்குக் கை கழுவிவிட்டேன். உள்ளங்கையில் சின்னச் சின்னப் பிறைகள். நாலு இந்தக் கையில், மூன்று மற்றக் கையில். நகம் பதிந்த தடம், சில பழையவை, தோல் தடித்துப்போனவை. இது என்ன பிள்ளை என்று கேட்டேன். 'கிளினிக்ல இப்படி வெச்சா அழுகை வராது' என்று செய்து காட்டினாள். வீட்டிலும் பழகிப் பார்ப்பாளாம். அவள் கை மடியில் மடிந்து கிடந்ததை நான் எவ்வளவு மெச்சி எழுதினேன்.

போன மாசம் புக்கிட் மெலாவத்திக் குன்றில் ஒரு குரங்கு அவள் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கியது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எல்லாம் கத்தினார்கள். இவள் நின்றாள், அவ்வளவுதான். தைரியமான பிள்ளை என்று திலீப் எல்லோரிடமும் சொன்னார். நானும் சொன்னேன்.

டாக்டர் ஒரு நாள் சொன்னார். சில பிள்ளைகள் தண்ணீரைக் கண்டால் குதிக்கும், சில பிள்ளைகள் கால் விரலை நனைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கும், இரண்டும் அதனதன் குணம் என்று. துளசி எந்தக் குணம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. உங்களோடு ஒரு துளசி, என்னோடு ஒரு துளசி.

இனி என் பிழை. முதல் இரண்டு கூட்டல் விழுந்த அன்றைக்கு அந்த அட்டையைப் படம் எடுத்து மெல்பர்னில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்பினேன். பார், என்னோடு எவ்வளவு ஒட்டுது பிள்ளை என்று எழுதினேன். அட்டையை உங்கள் கண்ணில் படும் இடத்தில், பையின் மேல் பக்கம் வைத்ததும் நான்தான். தற்செயலாக விழவில்லை.

'அம்மா' என்று உங்களைக் கூப்பிட்டு அவள் ஒரு தடவை தூக்கத்தில் சிரித்தாள். அன்று முழுக்க நான் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை. ஆகவே எனக்கும் அந்த நோய் தெரியும்.

ரூபிணி


செரண்டா
11 ஏப்ரல் 2025, வெள்ளி

ரூபிணி,

அர்த்தம் கேட்டீர்கள்.

ஜனவரி 11. கிளினிக்கை விட்டு வெளியே வந்தோம். வெளியே உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எல்லாரும் பார்த்தார்கள். துளசி மோட்டாரில் எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். செரண்டா வரைக்கும் செம்பனைத் தோட்டங்கள் நடுவே ஒன்றேகால் மணி நேரம். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

'மா, பசிக்குது.'

செம்பனை. செம்பனை. லோரி.

'மா, அங்க மாடு.'

பத்தாங் பெர்ஜுந்தையில் மோட்டாருக்கு எண்ணெய் ஊற்ற நிறுத்தினேன். அவள் இறங்கி எனக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

'மா, நான் இங்கதான் இருக்கேன்.'

அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது சொன்னேன். 'இனிமே அங்க போயி அழுதா அம்மா பேச மாட்டேன்.' பிப்ரவரியில் நீங்கள் கூட்டிப்போவதற்கு முந்தின நாள் இதையே மறுபடி சொன்னேன். மார்ச் மாதம் நன்றாகப் பேசியிருக்கிறேன் என்று எழுதினேனே, அதுவும் இதுதான். பேச மாட்டேன் என்று பேசினேன்.

நித்தியா வளர்த்த பிள்ளை கடிக்கிறது என்று உங்கள் வீட்டில் ஒருத்தரும் சொல்லக் கூடாது. அதற்காக. ஆனால் பிப்ரவரியில் நீங்கள் கூட்டிப்போன அதே சனிக்கிழமை, வரிசையில் நின்றுகொண்டு, உங்களை அவள் கடித்திருப்பாளா என்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிக்க வேண்டும் என்று இருந்தது. இரண்டும் இதே மனசுதான்.

எங்கள் பிரிவில் கையுறையில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிடுவோம். சொட்டினால் கழிவு. சொட்டாவிட்டால் நல்லது, டாக்டர் கைக்குப் போகும். ஆறு வருஷமாக இதே வேலை. வீட்டிலும் அதையே செய்திருக்கிறேன்.

அந்தக் கூட்டல் நான்கும் என்னுடையவை. என்னுடையதைப் பார்த்துத்தான் உங்கள் மேல் இவ்வளவு எரிந்திருக்கிறேன்.

முந்தாநாள் துளசியிடம் சொன்னேன். 'வலிச்சா அழு. எவ்ளோ வேணும்னாலும் அழு. அழுதாலும் அம்மா பேசுவேன்.' இந்த 'லும்' நான் போட்டது.

'நெஜமாவா?'

'நெஜமா.'

'சித்தி கூட போனாலுமா?'

'போனாலும்.'

நம்பவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதனால் ஏப்ரல் 19 உள்ளே நீங்கள் போங்கள். நான் உள்ளே இருந்தால் அழுவாள். அது எப்போதும் நடப்பது. உங்களோடு இருக்கும்போது அழுதால்தான் நான் சொன்னதை நம்பியிருக்கிறாள் என்று அர்த்தம். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதை எழுதச் சுலபமாக இல்லை. மனசு மாறுவதற்குள் கடிதத்தை மடிக்கிறேன்.

நித்தியா


குவாலா சிலாங்கூர்
20 ஏப்ரல் 2025, ஞாயிறு

அன்புள்ள நித்தியாவுக்கு,

துளசி நேற்றே உங்களோடு வந்துவிட்டாள். பை மட்டும் இங்கே. திலீப் பின்னேரம் கொண்டுவருவார். உள்ளே நடந்ததை உங்களுக்கு எழுதித் தர வேண்டும் என்று இருந்தது. நீங்கள் சத்தத்தை மட்டும்தானே கேட்டீர்கள்.

கதிரையில் ஏறினாள். கையை மடியில் வைத்தாள். விரல்கள் உள்ளே மடிந்தன. அதைக் கண்டதும் நான் அவள் வலது கையைப் பிரித்து என் கையை உள்ளே வைத்தேன். ஊசி வந்தது. அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவளைப் போலவே தலையாட்டினேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே கேட்டிருக்கும். மிஸ்ஸி கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டார். 'அம்மா' என்றாள். மறுபடி 'அம்மா'. சித்தி என்று ஒரு தடவைகூட இல்லை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஊசி போட்டு முடிந்து, மரத்துப்போகட்டும் என்று காத்திருந்த நேரம், விக்கி விக்கிக் கேட்டாள். 'அம்மா பேசுவாங்களா?'

'ஓம் பிள்ளை, பேசுவா' என்றேன். சொன்ன பிறகுதான் என் காதுக்கே கேட்டது. ஐயோ, 'கதைப்பா, கதைப்பா' என்று அவசரமாகத் திருத்தினேன். டாக்டர் எனக்கும் ஒரு ஊசி தேவையோ என்று பார்த்தார்.

பல்லைப் பிடுங்கும் முன்னம் என் கையை இழுத்துக் கடித்தாள். வலது கை, சுட்டுவிரலுக்குக் கீழே. தடம் இன்றைக்கும் இருக்கிறது. சாக்பீஸ் பிடிக்க நோகும். பரவாயில்லை.

டாக்டர் அட்டையில் ஒரு கழித்தல் போட்டார். இவ்வளவு கத்தியும் ஏன் இரண்டு போடவில்லை என்று கேட்டேன். 'வாயைத் திறந்தபடிதானே அழுதாள்' என்றார்.

உடன் வந்தவர் கட்டத்தில் இந்தத் தடவை நானே எழுதினேன். 'இபு திரி.' மாற்றாந்தாய். எழுதிப் பார்த்தால் படத்தில் வருகிற வில்லி மாதிரி இருக்கிறது.

நான் கதவைத் திறந்தபோது உங்களைத் தவிர எங்கும் பார்க்காமல் உங்களிடம் ஓடினாள். அதை நான் சொல்லத் தேவையில்லை. சொல்லிவிட்டேன்.

ரூபிணி


செரண்டா
25 ஏப்ரல் 2025, வெள்ளி

ரூபிணி அக்கா,

பெஞ்சில் திலீப் எனக்கு ஒரு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டதும் எழுந்தார். 'உள்ள போறியா?' என்றார். 'வேணாம், அவங்க இருக்காங்க' என்றேன். மூன்று வருஷத்தில் நாங்கள் பேசிய நீளமான பேச்சு அது.

வழி முழுக்க நான் பேசினேன். செம்பனை என்றேன். லோரி என்றேன். மாடு அன்றைக்கு இல்லை, இருந்த மாதிரி சொன்னேன். அவள் வாயில் பஞ்சு. பாதி உதடு மரத்திருந்தது. பத்தாங் பெர்ஜுந்தையில் எண்ணெய் ஊற்றும்போது அவளுக்கு எதிரே போய் நின்று, 'நான் இங்கதான் இருக்கேன்' என்றேன். பஞ்சோடு ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன்.

'ஓம்.'

அப்போதுகூட 'ஓம்'தான். கொஞ்சம் எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன்.

கடித்த தடம் இருக்கிறது என்று எழுதினீர்கள். படம் எடுத்து அனுப்பாதீர்கள். அனுப்பினால் பார்த்துக்கொண்டே இருப்பேன். உங்களுக்குச் சடையும் சொதியும் கூட்டலும் இருந்தது. எனக்கென்று அவள் கடிதான் இருந்தது. அழுகை இருந்தது. அட்டையில் அந்தக் கழித்தலைப் பார்த்து நான் அவமானப்பட்டேன். அது இப்போது உங்கள் வரியில் இருக்கிறது. பார்த்தால் எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. நானே கொடுத்தது. திருப்பிக் கேட்க மாட்டேன்.

இன்னொரு விஷயம். ஞாயிறு சாயங்காலம் பை வந்ததும் அவளே பிரஷ் பெட்டியைத் தூக்கினாள். உங்கள் கடிதத்தை எடுத்து, தரையில் விரித்து, விரலை வைத்து ஊர்ந்தாள். பாலர் பள்ளியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

'அ. ம். மா. மா, இதுல அம்மா இருக்கு.'

விரல் கீழே இறங்கியது.

'இங்கயும் ஒரு அம்மா. இன்னொரு அம்மா. எத்தன அம்மா மா இதுல?'

'எண்ணிப் பாரு' என்றேன்.

எண்ணிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. நானும் பறிக்கவில்லை.

இனிமேல் பையில் கடிதம் வேண்டாம். நாளைக்கே அடுத்த சொல்லையும் படித்துவிடுவாள். என் நம்பர் திலீப்பிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான். போன் பண்ணுங்கள்.

முதலில் கொஞ்சம் பேசுவேன், உங்கள் வீட்டு அர்த்தத்தில். அட்டையைப் பைக்கு மேல் வைத்ததற்கு. வயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கதைக்கலாம்.

நித்தியா